ஒரு மூலை சரிந்த கரம் பலகை

அலுமாரியின் முதுகைக் கழற்றியவள் நான்தான். சீதனமாக யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்த அலுமாரி. முன்பக்கம் ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் தேக்கு, முதுகுக்கு மட்டும் ஒட்டுப்பலகை அடித்திருந்தார்கள். அதைக் கழற்றினால் சேலையெல்லாம் மண்சுவரோடு உரசிக்கொண்டு கிடக்கும், கறையான் வரும் என்று தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கழற்றினேன். அந்த வீட்டில் இரண்டரை அடிச் சதுரத்துக்கு ஒரே துண்டாகக் கிடைக்கக்கூடிய மெல்லிய பலகை அது ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுப்பகுதி. முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடாநாட்டிலிருந்து வந்து காணி எடுத்தவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். குடும்பம் என்றால் நானும் அவரும்தான், பிள்ளைகள் இல்லை. வந்து மூன்றாம் வருடம், சூடு மிதித்து நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வயது நாற்பத்திரண்டு. முல்லைத்தீவு ஆசுப்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து பார்த்தார்கள். பேச்சு திரும்பியது. முதுகுக்குத் தலையணை கொடுத்தால் இருக்க முடிந்தது. வலக்கையும் வலக்காலும் திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்குத்தர் என்னை வெளியே கூப்பிட்டு, இடக்கையை வேலை செய்ய விட வேண்டும், தன் சாப்பாட்டைத் தானே எடுத்துச் சாப்பிடப் பழக வேண்டும், அந்தக் கையையும் சும்மா போட்டுவிட்டால் ஆள் கெதியாகப் போய்விடுவார் என்றார்.

டாக்குத்தருக்கு அதைச் சொல்வது சுலபம். இடக்கை எதற்கு உள்ள கை என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இவர் அதில் இன்னும் ஒரு படி மேல். யாராவது இடக்கையால் வெற்றிலையை நீட்டினால் வாங்காமல் அவர்களுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவரிடம் சோற்றுக் கோப்பையை வைத்து இடக்கையால் சாப்பிடுங்கோ என்றால் நடக்குமா? கரண்டி வாங்கிக் கொடுத்தேன். கரண்டியைப் பிடிப்பதும் அதே கைதானே என்றார். பட்டினி கிடந்து பார்த்தார், நானும் விட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் தோற்றது நான். ஆறு மாதம், மூன்று வேளையும், நான் குழைத்து ஊட்டினேன். எனக்கு அது பாரமில்லை. ஆனால் ஒவ்வொரு பிடிக்கும் அவர் குறுகிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அவருக்கு வேறு எதில் ஆசை இருந்தது என்று யோசித்தபோது கரம் விளையாட்டுத்தான் நினைவுக்கு வந்தது. குடியேற்றத்துச் சந்தி வாசிகசாலையில் ஒரு கரம் பலகை இருந்தது. நோய் வருவதற்கு முன் அங்கே இவரை வென்றவர்கள் இல்லை. காய்களும் ஸ்ட்ரைக்கரும் சொந்தமாக வைத்திருந்தார், ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், பஞ்சு வைத்து. என்னைத் தொடவிடமாட்டார். வாசிகசாலைப் பலகையை வீட்டுக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். அன்று பின்னேரமே அலுமாரியைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டேன்.

பலகையில் பூச்சி உருண்டை மணமும் கரப்பான் முட்டையும். அதைக் கிணற்றடியில் போட்டுத் தும்பால் உரஞ்சிக் கழுவி, ஈரத்தோடு நிலத்தில் போட்டு வெயில் காயவிட்டேன். பாத்திரம் கழுவிக் காயவைக்கிற பழக்கம்தான். மத்தியானம் போய்ப் பார்த்தால் நான்கு மூலையும் மேலே எழும்பி, பொரித்த அப்பளம் மாதிரிக் கிடந்தது. அதன்மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கப் போன நேரத்தில்தான் நானா வந்தார்.

நானா என்று நான் சொல்வது தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவந்து விற்ற முஸ்லிம் வியாபாரியை. கிழமைக்கு ஒருநாள் வருவார். துணிக்கு முன் மரக்காலையில் வேலை செய்தவர், பலகையைப் பற்றித் தெரியும். சைக்கிளைச் சாத்திவிட்டு வந்து பலகையைப் புரட்டினார். மேல்பக்கம் வெயிலில் காய்ந்து சுருங்கிவிட்டது, கீழ்ப்பக்கம் இன்னும் ஈரம் குடித்துக்கொண்டு இருக்கிறது, அதுதான் இழுக்கிறது என்றார். வாழையடியில் நனைந்த மண்ணைப் பரப்பி, குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி பலகையைக் கவிழ்க்கச் சொன்னார். அம்மிக்கல் தேவைப்படவில்லை. பொழுதுபடும்போது பலகை தானாகவே படிந்து கிடந்தது. பிறகு அதை வீட்டுக்குள் நிழலில், கீழே மெல்லிய கம்புகளை வரிசையாக வைத்து, மேலே இரண்டு நெல் மூட்டை ஏற்றி ஒரு கிழமை காயவிட்டேன்.

பக்கத்துக் காணிக்காரர் முதிரை மரத்தில் சட்டம் அடித்துத் தந்தார். மூலைக் குழிகளை நானே வட்டமாக வெட்டி, நானா தந்த வெட்டுத்துண்டுத் துணியில் பை தைத்துக் கட்டினேன். கோடுகளை மைபென்சிலால் கீறினேன். அடுத்த கிழமை நானா ஒரு சின்னப் பேணியில் வார்னிஷ் கொண்டுவந்தார். பூசும் முறையையும் சொன்னார்.

“முகத்துக்கு எத்தினை தரமோ முதுகுக்கும் அத்தினை தரம் பூசுங்கோ தங்கச்சி. வெட்டின விளிம்புக்கும் பூசுங்கோ. ஒரு பக்கம் மூடி மற்றப் பக்கம் திறந்து கிடந்தா மாரிக்குப் பலகை வளையும்.”

ஓம் ஓம் என்றேன். பேணியோ சின்னது. முகத்துக்கு மூன்று தரம் பூசி மினுங்கவைத்ததும் தீர்ந்துபோயிற்று. முதுகையும் விளிம்பையும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால், அந்த ஒரு அசட்டையில்தான் எல்லா நல்லதும் எல்லாக் கெட்டதும் வந்தது.

முதலில் அவர் பலகையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பக்கத்துக் காணிக்காரரும் நானும் கட்டிலோரம் ஸ்டூலில் பலகையை வைத்து விளையாடினோம். நான் கரத்தை என்ன கண்டேன்? ஒரு காய் குழி வாயில் வந்து நிற்க, நான் அதை எதிர்ப்பக்கத்துக்குத் தட்டினேன். கட்டிலில் இருந்து ஒரு பெருமூச்சு. இன்னொரு தரமும் அப்படியே செய்தேன். “அப்பிடியில்லை” என்று சொல்லிக்கொண்டு இடக்கையை நீட்டி ஸ்ட்ரைக்கரைப் பறித்தார். சாப்பாட்டுக்கு வராத கை விளையாட்டுக்கு வந்தது. நான் எழுந்து குசினிக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் சிரித்திருப்பேன், அவர் கையை இழுத்திருப்பார்.

அதன்பின் ஒவ்வொரு பின்னேரமும் ஆட்டம், பக்கத்துக் காணிக்காரரோடும், வருகிற நாளில் நானாவோடும். தோல்விதான். இடக்கை ஒரு பக்கம் போகச் சொன்னால் மறுபக்கம் போகும். ஆனாலும் விடவில்லை. மாரி தொடங்கியது. நான் வெள்ளிக்கிழமைதோறும் சாணி கரைத்து வீடு மெழுகுகிறவள். எந்த மழையிலும் அதை விட்டதில்லை. ஆட்டம் முடிந்தால் பலகையைக் கட்டில் காலடியில் சுவரோடு சாத்திவிடுவேன். மண்தரை மேடுபள்ளம் என்பதால் ஒவ்வொரு நாளும் ஒரே மூலைதான் தரையில் ஊன்றி நிற்கும். மெழுகின ஈரம் காயுமுன் பலகையைத் திரும்ப அதே இடத்தில் வைத்தேன். வார்னிஷ் காணாத விளிம்பால் ஈரம் ஏறி, அந்த மூலை ஊறிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்தது. கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவினால்கூடத் தெரியாது.

ஸ்டூலில் வைக்கும்போது அந்த மூலை எப்போதும் அவருக்கு எதிரே, வலப்பக்கத்தில் வரும். இடக்கையால் அடிக்கிறவருக்கு இயல்பாகக் காய் ஓடுகிற திசை அது. மார்கழி நடுவில் ஒருநாள் அவர் நானாவை வென்றார். சும்மா வெல்லவில்லை, சிவப்புக் காயையும் எடுத்து வென்றார். நானா தன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டே போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மத்தியானச் சாப்பாடு பிந்திவிட்டது. நான் கோப்பையோடு வந்து கட்டிலில் இருந்து சோற்றைக் குழைக்கத் தொடங்கினேன்.

“இது வெண்ட கை தானே,” என்றார் அவர். “கோப்பையை இஞ்ச தா.”

பாதிச் சோறு மடியில் கொட்டியது. மீதியை இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டார். நோய் வந்த பிறகு தன் கையால் சாப்பிட்ட முதல் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பும் பொரியலும். நான் குசினிக்குள் போய் அடுப்பை ஊதுகிற சாட்டில் நன்றாக அழுதேன்.

அதன்பின் ஆள் மாறிவிட்டார். தானே முகம் மழித்தார், கன்னத்தில் இரண்டு வெட்டோடு. தானே எழும்பி இருந்தார். பின்னேரமானால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களில் பாதிப்பேரை வென்றார். வீட்டில் திரும்பவும் சத்தம் இருந்தது. நான் வயலிலிருந்து வரும்போது படலையடியிலேயே அவருடைய குரல் கேட்கும்.

தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கிய அன்று, பலகையைத் துடைத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை அதன்மேல் வைத்தேன். அது என் விரலிலிருந்து நழுவி விளிம்பில் நின்று உருண்டது. மெதுவாக உருண்டுபோய் அந்த எதிர்மூலைக் குழிக்குள் விழுந்தது. எடுத்து வேறு இடத்தில் நிறுத்திவிட்டேன். அங்கிருந்தும் அதே குழிதான். அவர் வெளியே வெயிலில் கதிரையில் இருந்தார், பார்க்கவில்லை. ஸ்ட்ரைக்கரைத் தகரத்துக்குள் போட்டு மூடினேன். அன்றிலிருந்து பலகையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மற்றவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் புதிதாக வந்த ஒருவர் பலகையைத் தன் வசதிக்குத் திருப்பி வைத்துவிட்டார். நானா காய் அடுக்குகிற சாட்டில் அதைப் பழையபடி திருப்பினார். என்னை ஒருதரம் பார்த்தார், அவ்வளவுதான். அதைப்பற்றி நாங்கள் எப்போதும் கதைக்கவில்லை.

சிறுபோகம் விதைத்த காலத்தில்தான் அது நடந்தது. அப்போது வயல் முழுக்க என் தலையில். எங்களுக்குத் தண்ணீர் முறை விடிய என்று சொன்னார்கள். போய் வாய்க்காலடியில் நின்றேன். தண்ணீர் வந்தபோது உச்சிவெயில் கடந்துவிட்டது. வந்த தண்ணீர் ஒரேயடியாக வந்து வரம்பை உடைத்துக்கொண்டு, விதைத்த நெல்லையும் வாரிக்கொண்டு போனது. தனியாக நின்று மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தேன். இடுப்புவரை சேறு. காலையில் குடித்த வெறும் தேத்தண்ணியோடு வீட்டுக்கு வந்தால் ஆட்டம் நடக்கிறது. அவர், நானா, பக்கத்துக் காணிக்காரர், இன்னும் ஒருவர். வரம்பு உடைந்த கதை எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது.

அவர் காயிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார்.

“பொம்பிளை வயல் பாத்தா இப்பிடித்தான். நான் ஒரு கையால செய்யிறதை உவள் இரண்டு கையாலயும் செய்யமாட்டாள்.”

மற்றவர்கள் சிரிக்கவில்லை. நானா ‘விடுங்கோ தம்பி’ என்று மெல்லச் சொன்னதாக ஞாபகம். அந்தச் சேற்றோடு நான் நேரே கிணற்றடிக்குப் போயிருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்லாத நாளில்லை.

“உங்கட கை வெல்லேல்லை,” என்றேன். “அந்த மூலை சரிஞ்சு கிடக்கு. பலகைதான் வெல்லுது. இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் தெரியும், கேட்டுப் பாருங்கோ.”

அவர் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார். பக்கத்துக் காணிக்காரர் காய்களைப் பார்த்தார். நானா வாசலில் சாத்தியிருந்த தன் சைக்கிளைப் பார்த்தார். இவர் காய்களை ஒதுக்கிவிட்டு, ஸ்ட்ரைக்கரை விளிம்பில் நிறுத்தி விரலை எடுத்தார். அது உருண்டுபோய் மூலைக்குள் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தைத் திரும்ப எடுக்க எதுவும் கொடுத்திருப்பேன்.

ஆட்கள் போனபின், இதைச் சரிப்படுத்தித் தா என்றார். சத்தம் போடவில்லை. எனக்கு அதில் ஒரு நம்பிக்கைகூட வந்தது. பலகை சரியானால் எல்லாம் சரியாகும், நேரான பலகையில் இன்னும் கொஞ்சம் பழகினால் நேராகவே வெல்லுவார் என்று மடைச்சி மாதிரி நினைத்தேன்.

இந்தமுறை ஒன்றையும் அசட்டை செய்யவில்லை. சட்டத்தைக் கழற்றினேன். மண்தரை மட்டமில்லை என்பதால் வீட்டுக் கதவைக் கழற்றி நிலத்தில் போட்டு, மட்டம் பார்த்து, அதன்மேல் பலகையை வைத்தேன். குழிந்த பக்கத்துக்கு மட்டும் ஈரத்துணி போட்டு ஊறவிட்டேன். பிறகு கம்புகளுக்கு நடுவில் வைத்து நான்கு நெல் மூட்டை ஏற்றினேன். ஒவ்வொரு நாளும் மூட்டையை இறக்கிப் பலகையைப் புரட்டி வைத்தேன், இரண்டு பக்கமும் ஒரேயளவாய்க் காயட்டும் என்று. பத்து நாள் வாசலுக்குக் கதவில்லாமல் பாயைத் தொங்கவிட்டுக்கொண்டு இருந்தோம். நாயும் கோழியும் நினைத்தபடி வந்து போயின. காய்ந்தபின் முதுகில் இரண்டு முதிரைச் சலாகையைக் குறுக்கே அடித்தேன். நானா பெரிய பேணியாகவே வார்னிஷ் கொண்டுவந்தார். முகத்துக்கு மூன்று, முதுகுக்கு மூன்று, விளிம்புக்கு மூன்று. கடைசியில் ஸ்ட்ரைக்கரை விளிம்பில் நிறுத்திப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு தச்சன்கூட அப்படிச் செய்திருக்கமாட்டான்.

அந்தப் பத்து நாளும் அவர் தன் கையால்தான் சாப்பிட்டார். அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

பலகை முடிந்த அன்று நானா வந்திருந்தார். இருவரும் விளையாடினார்கள். அவர் அடித்த காய்கள் எல்லாம் எதிர்மூலைக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றன. அந்தக் கை அவ்வளவு தூரத்துக்குத்தான் பழகியிருந்தது. அவர் நிதானமாகத்தான் அடித்தார். நாலைந்து காய்கள் போனபின், நானாவுக்கு ஒரு காய் குழி வாயில் நின்றது. ஊதினாலே விழும். நானா அதை விட்டுப் பக்கத்துச் சட்டத்தில் அடித்தார். அடுத்த முறையும் அப்படியே.

“நானா, நீங்கள் விடுறியள்,” என்றார் அவர்.

“இல்லைத் தம்பி. கை வழுக்கிப் போச்சு.”

“அந்தச் சரிஞ்ச பலகையில நீங்கள் ஒருத்தரும் விட்டு விளையாடேல்லை.”

அது உண்மை. சரிந்த பலகையில் எல்லோரும் முழுமூச்சாகத்தான் விளையாடினார்கள். எவ்வளவு மெதுவாக அடித்தால் எங்கே போய் விழும் என்று நாள்கணக்காகப் பார்த்து, அந்தச் சரிவைப் படித்து அடித்தது அவருடைய கை. அதே இடத்தில் என்னை இருத்தினால் நான் ஒரு காயும் போட்டிருக்கமாட்டேன். பலகை வெல்லவில்லை, அவர்தான் வென்றிருக்கிறார். நான் அன்று சொன்னது பொய். அது பொய் என்று எனக்கு விளங்கியது, நானா தலையைக் குனிந்துகொண்டு காய்களைப் பொறுக்கித் தகரத்துக்குள் போட்ட அந்த நேரத்தில்தான்.

நானா போனபின் அதை அவரிடம் சொன்னேன். நீங்கள்தான் வெண்டனீங்கள், நான் கோபத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன் என்று கெஞ்சினேன். கேட்டுக்கொண்டிருந்தார். நல்லாய்ச் செய்திருக்கிறாய், பலகை நல்ல மட்டம் என்றார். நான் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து கோப்பையை அவருடைய இடப்பக்கத்தில் வைத்தேன். அவர் இடக்கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“தீத்திவிடு,” என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி, இரண்டு பேரும் சண்டைபிடித்து, விடிய அவர் பசியில் கோப்பையை இழுத்திருப்பார். தண்ணீர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். நான் கைகழுவி வந்து குழைத்து ஊட்டினேன். அடுத்த மாசியில் அவர் போகும்வரை ஒரு வேளைகூடத் தன் கையால் சாப்பிடவில்லை.